ஏழாம் டோக்கன்

ஆகஸ்ட் 18, திங்கள்

இது சர்வர் நாட்குறிப்பு. ஈரோடு பூச்சரம் வரன் மையத்தின் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவள் என்ற முறையில் கோகிலவாணி ஆகிய நான் தினமும் எழுத வேண்டும் என்பது முதலாளி சென்னியப்பன் ஐயாவின் உத்தரவு. ஜவுளிக்கடையில் இலவசமாகக் கொடுத்த டைரி. சொந்த விஷயம் எதுவும் இதில் வராது.

இன்று காலை மூன்று உறுப்பினர்களுக்கு ஜாதகப் பக்கம் வெள்ளையாக வந்தது. அளவுக்கு மேல் கோப்புகள் திறந்து கிடக்கின்றன, இனித் தர முடியாது என்று கெர்னல் கைவிரித்துவிட்டது. கெர்னல் யார், அவனைக் கூப்பிடு என்றார் முதலாளி. அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதிவைக்கிறேன்.

கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுக்க ஒருவர் உட்கார்ந்திருப்பாரே, கம்ப்யூட்டருக்குள் அந்த வேலையைச் செய்வது கெர்னல். ஒரு கோப்பைத் திறந்தால் ஒரு டோக்கன் எண் கிடைக்கும். பார்த்து முடித்து மூடினால் டோக்கன் திரும்பிப் போகும். அதே எண் அடுத்த கோப்புக்கு வரும். காலியாக இருப்பதில் சின்ன எண் எதுவோ அதைத்தான் எடுத்துக் கொடுக்கும். ஒரு ஆளுக்கு இத்தனைதான் என்று வரம்பும் வைத்திருக்கும். எங்கள் சர்வரில் அது ஆயிரத்து இருபத்துநான்கு. அதற்குமேல் ஒன்று கேட்டாலும் கிடையாது, மந்திரி சிபாரிசு செய்தாலும் கிடையாது.

முதலாளிக்கு எல்லாம் புரிந்தது. 'மூடினால்' என்ற இடத்தில் மட்டும் முகம் கறுத்துவிட்டது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நிரல் எழுதுகிற தரணிதரனிடம், ஒரு இடத்தில்கூட மூடுகிற வரியைக் காணோமே, தூங்கிக்கொண்டு எழுதினாயா என்று கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே சுவரைக் காட்டினான். சந்தனம் பூசிய பலகையில் 'இங்கே திறந்தது எதுவும் மூடலாகாது' என்று எழுதியிருக்கிறது. தினமும் பார்க்கிற பலகைதான். கோப்புக்கும் சேர்த்துத்தான் அது என்று எனக்கு உறைக்கவில்லை.

நான் சேருவதற்கு முன்னால் நடந்ததாம். வியாபாரம் படுத்திருந்தபோது முதலாளி காங்கேயம் பக்கம் ஒரு ஜோசியரைப் போய்ப் பார்த்திருக்கிறார். கல்யாணம் கூட்டிவைக்கிற இடத்தில் எதுவும் மூடிக் கிடக்கக் கூடாது, அதுதான் தோஷம் என்று அவர் சொல்லிவிட்டார். அன்றே கதவுகளைக் கழற்றிவிட்டார்கள். கழிப்பறைக்கு யானை படம் போட்ட திரைச்சீலை. உள்ளே போகிறவர்கள் பாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது எழுதாத விதி. பேனாவுக்கு மூடி கிடையாது, அதனால் மாதத்துக்கு ஒரு பெட்டி பேனா காய்ந்து போகிறது. தரணியைக் கூப்பிட்டு, நிரலில் மூடுகிற வரி எங்கெங்கே இருக்கிறதோ அத்தனையையும் எடுக்கச் சொல்லியிருக்கிறார்.

அதோடு விட்டாரா. 'வெளியேறு' என்ற பொத்தான் அபசகுனம் என்று 'போய்ட்டு வரேன்' என மாற்றச் சொன்னாராம். அதை அழுத்தினால் ஒரு குங்குமச்சிமிழ் படம் வரும், வேறொன்றும் நடக்காது. எங்கள் நிரல் உள்ளே வருகிற ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு தனி வேலையாளை நிறுத்துகிறது. அதற்கு புராசஸ் என்று பெயர். ஒருமுறை வந்த உறுப்பினர் வெளியே போவதே இல்லை என்பதால் அந்த வேலையாளும் திறந்த ஜாதகங்களை அணைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறது.

நேரே முதலாளியிடம் போனேன். கோயிலிலேயே நடை சாத்துகிறார்களே ஐயா என்றேன். சாமிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது அம்மிணி, நம்ம உறுப்பினர்களுக்கு இன்னும் ஆகவில்லை என்றார்.

ஆகஸ்ட் 20, புதன்

வழி இருக்கிறது. வரம்பில் இரண்டு உண்டு. கீழ்வரம்பை அந்தந்த வேலையாளே மேல்வரம்பு வரைக்கும் உயர்த்திக்கொள்ளலாம். மேல்வரம்பை உயர்த்த ரூட் என்கிற அதிகாரம் வேண்டும். அந்த அதிகாரம் இந்த ஆபீசில் எனக்கு மட்டும்தான். ஓடிக்கொண்டிருக்கிற வேலையாளை நிறுத்தாமலேயே உயர்த்தலாம்.

பேசாமல் எல்லாவற்றையும் நிறுத்தி மறுபடி துவக்கினாலே போதும்தான். வேலையாள் செத்தால் அவனிடமிருந்த டோக்கன் அத்தனையையும் கெர்னலே வாங்கிக்கொள்ளும். முதலாளி மனம் புண்படும் என்பதால் அதைச் செய்யவில்லை. வேறு காரணம் இல்லை.

சோதித்தபோது கண்ணில் பட்டது, தொழில்நுட்பக் குறிப்பாக மட்டும் எழுதுகிறேன். உறுப்பினர் நந்தகோபால், வயது 34, திருப்பூர் பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர். அவருடைய வேலையாளிடம் பூஜ்யம், ஒன்று, இரண்டு என்ற டோக்கன்கள் எல்லோருக்கும் உள்ளவைதான்: கேட்க ஒன்று, சொல்ல ஒன்று, புலம்ப ஒன்று. மூன்று நிரலின் அமைப்புக் கோப்பு. நான்கு அவருடைய ஜாதகம். ஐந்து பெருந்துறை பல் டாக்டர் பெண். ஆறு யாரோ கோபி பெண். ஏழாம் டோக்கன் என்னுடைய ஜாதகம்.

மாசி மாதம் அவர் அம்மாவோடும் தாய்மாமனோடும் எங்கள் வீட்டுக்கு என்னைப் பார்க்க வந்திருந்தார். அம்மா சுட்ட ஒப்புட்டு, அதாவது போளி, நான்கு சாப்பிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போது மட்டும், "வீட்ல பேசிட்டுத் தகவல் சொல்றங்க" என்றார். எங்கள் பக்கம் யாரும் வேண்டாம் என்று வாய் திறந்து சொல்லமாட்டார்கள், பெண் பாவம் சும்மா விடாது என்ற பயம். தகவல் சொல்கிறோம் என்பார்கள், அதோடு சரி. அதனால் சொல்லாதவரைக்கும் இல்லை என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது, ஆமாம் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. ஏழு திறந்திருக்கிறது என்பது மட்டும் நிச்சயம்.

ஸ்கூட்டர் பிரேக் சத்தம் போடுகிறது. காட்ட வேண்டும்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி, விடுமுறை. கொழுக்கட்டைக்கு நடுவில் லேப்டாப்பில் சர்வரைப் பார்த்தேன். ஏழு இருக்கிறது. மற்றவையும் இருக்கின்றன.

செப்டம்பர் 1, திங்கள்

ஆவணி முகூர்த்தக் கூட்டம். ஜாதகம் ஜாதகமாகத் திறந்து தள்ளுகிறார்கள். வரம்பில் முட்டினால் எங்கள் நிரலுக்கு என்ன செய்வதென்று தெரியாது, அந்த வேலையாள் அங்கேயே விழுந்து உயிரை விடுகிறது. இந்த வாரம் விழுந்தவர்களில் பவானி வக்கீலும் சென்னிமலை பவர்லூம்காரரும் உண்டு. இருவர் கையிலும் என் ஜாதகம் திறந்திருந்தது. இருவருமே திரும்பி வந்து என்னைத் திறக்கவில்லை. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை, வக்கீலுக்கு வழுக்கை.

நந்தகோபாலின் கணக்கு தொள்ளாயிரத்தைத் தாண்டிவிட்டது. முட்டினால் விழும். விழுந்தால் ஏழும் போகும். அவருக்கு மட்டும் வரம்பை நாலாயிரத்துக்கு உயர்த்தினேன். ஒருவருக்கு உயர்த்தி என்ன ஆகிறது என்று பார்ப்பது சோதனை முறை.

தொள்ளாயிரம் பெண்கள். மனுஷன் வேலைக்குப் போகிறாரா இல்லையா?

செப்டம்பர் 4, வியாழன்

வாடிக்கையாளர் குறைகேட்கும் பெண் லீவு. போனை என் மேசைக்குத் திருப்பிவிட்டார்கள். மூன்றாவது அழைப்பு நந்தகோபாலின் அம்மா ருக்மணியம்மாள். போட்டோ மெதுவாக வருகிறதாம். நான் யார் என்று சொல்லவில்லை, சர்வர் செக்சன் என்றேன்.

மத்தியானம் சாப்பிட்டு முடித்தால் சீரியல் வரைக்கும் அவருக்கு இதுதான் வேலையாம். "என்ற பையன் இதையெல்லாம் ஏறெடுத்தும் பாக்கறதில்லைங் கண்ணு. நாந்தான் ஒவ்வொண்ணாத் தொறந்து பாத்துட்டு உக்காந்திருக்கறேன். நெம்ப நல்லாப் பொழுது போகுது," என்றார்.

இதில் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. ஒரே கணக்கை வீட்டில் இரண்டு பேர் பயன்படுத்துவது சகஜம். அம்மா பார்த்தால் மகனிடம் காட்டாமலா இருப்பார்? போட்டோ வேகமாக வர என்ன செய்யலாம் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். நல்லா இரு கண்ணு, சீக்கிரம் உனக்கும் ஆகட்டும் என்று வாழ்த்தினார்.

செப்டம்பர் 10, புதன்

காலையில் அப்பா இட்லித் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் பேசினார். ஏழு மாதமாக அந்தத் திருப்பூர்க்காரனுக்காகக் கொக்கு மாதிரி நிற்கிறோம், வருகிற இரண்டு வரனையும் நீ தட்டிக்கழிக்கிறாய், இனி அந்த இணையத்தில் உன் ஜாதகம் இருக்கவே கூடாது, எடுத்துப் போடு என்றார். அம்மா அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். அப்பா சொல்வது நியாயம்தான், அதனால்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. சரி என்றேன்.

பத்தரை மணிக்கு என் கையாலேயே என் ஜாதகத்தை அழித்தேன்.

அழித்தபிறகு பார்த்தால் கோப்புகள் கிடக்கிற ஹார்ட் டிஸ்க் வட்டில் இடம் கொஞ்சமும் கூடவில்லை. கெர்னலின் குணம் அப்படி. அழிக்கச் சொன்னால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடும், இனித் தேடினால் யாருக்கும் கிடைக்காது. ஆனால் ஏற்கெனவே திறந்து கையில் வைத்திருக்கிறவர் ஒருவர் இருந்தாலும் அவர் விடுகிறவரைக்கும் உள்ளே இருப்பதைத் தூக்கிப் போடாது. ஊரே மறந்தாலும் அவர் ஒருவருக்காக வைத்திருக்கும். நந்தகோபாலின் ஏழாம் டோக்கனுக்கு நேரே இப்போது 'அழிக்கப்பட்டது' என்று ஒரு வார்த்தை சேர்ந்திருக்கிறது. திறந்துதான் இருக்கிறது.

ஆக, என் ஜாதகம் இந்த உலகத்தில் இப்போது அவர் கையில் மட்டும்தான். அப்பாவிடம் எடுத்துவிட்டேன் என்று சொன்னேன், பொய் இல்லை.

செப்டம்பர் 15, திங்கள்

தரணி சும்மா வரம்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தவன் என் மேசைக்கு வந்து நின்றான். எல்லோருக்கும் ஆயிரத்துச் சொச்சம், புகார் செய்தவர்களுக்கு இரண்டாயிரம், அதென்ன ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் அறுபத்தையாயிரம், முதலாளிக்கு மாப்பிள்ளை முறையா என்று கேட்டான். நாலாயிரம் போதாமல் நடுவில் மறுபடியும் உயர்த்தியிருந்தேன். சோதனை என்றேன். எதற்குச் சோதனை என்றான். தாங்குகிறதா என்று பார்க்க என்றேன். "யாரு தாங்கறாங்களான்னு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். அவனுக்கு வாய் அதிகம்.

கேஸ் புக் செய்தேன். தையல்காரி ரவிக்கையை இன்னும் தரவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

இன்று எல்லாமே நின்றுபோனது.

தலைக்கு இத்தனை என்ற வரம்பு போக, மொத்தக் கம்ப்யூட்டருக்கும் சேர்த்து ஒரு வரம்பு கெர்னலிடம் உண்டு. திறந்திருக்கிற ஒவ்வொரு கோப்பையும் நினைவில் வைத்துக்கொள்ள அதற்குக் கொஞ்சம் நினைவகம் செலவாகும். எங்களுடையது பழைய இயந்திரம், அட்சய திருதியை அன்று வாங்கியது என்பதால் முதலாளி மாற்ற விடமாட்டார். காலை பதினொரு மணிக்கு மொத்த வரம்பும் தீர்ந்தது. இனி யார் எதைத் திறந்தாலும் கிடையாது. நிரலால் தன் குறிப்பைக்கூட எழுத முடியவில்லை. ரூட்டுக்கு மட்டும் கெர்னல் விதிவிலக்குத் தரும், அதனால் அத்தனை பேரும் வெளியே நிற்க நான் ஒருத்தி மட்டும் உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

போன் மணி நிற்கவில்லை. ஐப்பசி முகூர்த்தத்துக்கு இப்போது பார்த்தால்தான் உண்டு, ஒரு வாரம் இப்படியே கிடந்தால் கடையைக் கட்ட வேண்டியதுதான் என்று முதலாளியே சொன்னார். சொல்லிவிட்டுக் கட்டுவது என்ற வார்த்தைக்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நிறுத்தித் துவக்கலாமா என்று தரணி கேட்டதற்கு, தாலி கட்டப் போகிற நேரத்தில் விளக்கை நிறுத்தலாமா என்று அவர் திருப்பிக் கேட்டார்.

அப்போது தரணிக்குத்தான் தோன்றியது. "ஐயா, அடுத்த வாரம் புதன் ஆயுத பூசைங்க. அன்னைக்கு எந்த ஆயுதத்தையும் தொடக் கூடாது, சாமி முன்னால வெச்சுப் படுக்கப் போட்டுருவோம். மெசினு மட்டும் வேல செஞ்சுட்டே இருந்தா அது குத்தமில்லைங்களா?"

முதலாளி எழுந்து நின்றுவிட்டார். அப்படியானால் இத்தனை வருஷமாக ஓடுகிற மெஷினுக்குத்தான் பொட்டு வைத்தோமா என்று நடுங்கினார். அது மூடுவது ஆகாது, ஓய்வு, சரஸ்வதியே சொன்னது என்று அவரே தீர்ப்பும் சொன்னார். அன்று ராத்திரி முழுக்க நிறுத்திவைத்து விஜயதசமி காலையில் எடுப்பது என்று முடிவானது.

நான் எதிர்த்தேன். பழைய மெஷின், நிறுத்தினால் எழுந்திருக்குமோ என்னவோ என்றேன். தரணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அதுவரைக்கும் ஓட்ட, மொத்த வரம்பைக் கொஞ்சம் உயர்த்திவைத்தேன், மெஷின் ஆமை மாதிரி நகர்கிறது.

செப்டம்பர் 26, வெள்ளி

ஸ்கூட்டர் பிரேக் சரிசெய்தாகிவிட்டது. அம்மாவுக்கு முட்டிவலித் தைலம். புரட்டாசி என்பதால் மதியம் காளான் பிரியாணி, அதில் காளானைத் தேட வேண்டியிருந்தது.

புதன்கிழமை நிறுத்தினால் எல்லா வேலையாளும் சாவார்கள், எல்லா டோக்கனும் போகும். மற்ற ஜாதகங்கள் வட்டில் இருக்கின்றன, மறுநாள் வந்து திறந்துகொள்வார்கள். பெயர் அழிந்த கோப்பு ஒன்றே ஒன்றுதான் திரும்ப வராது.

நிறுத்துவதற்கு முன்னால் அவருடைய வேலையாளின் கையிலிருந்தே ஒரு நகல் எடுக்கலாம். ரூட்டால் முடியும். வீட்டில் பீரோவில் அசல் ஜாதகமே இருக்கிறது, நகல் எதற்கு? எனக்கு ஜாதகம் வேண்டியதில்லை. அவர் திறந்துவைத்திருப்பதுதான் வேண்டியிருந்தது. எழுதிவிட்டேன், இனி அடித்தால் அசிங்கமாக இருக்கும்.

செப்டம்பர் 30, செவ்வாய்

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் மொட்டைமாடிக்குப் போய் நந்தகோபாலுக்குப் போன் செய்தேன். ஏழு மாதமாக யாருக்கும் தோன்றாத காரியம், எனக்கும் சேர்த்து.

நான் இன்னார் என்றதும் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது, ஒப்புட்டு நன்றாக இருந்தது என்றார். இணையத்தில் என் ஜாதகத்தை எப்போதாவது பார்த்தீர்களா என்று கேட்டேன். அவர் அந்தப் பக்கமே போனதில்லையாம், கடவுச்சொல்லே தெரியாதாம், எல்லாம் அம்மாதானாம். தெரிந்த விஷயம்தான். ஒரு மாதமாக நான் வரம்பு உயர்த்தி உயர்த்திக் காப்பாற்றியது ருக்மணியம்மாளின் மத்தியானப் பொழுதுபோக்கை.

"சரிங்க. நேராவே கேக்கறேன். என்னைக் கட்டிக்க இஷ்டமா, இல்லீங்களா?"

பனியன் மெஷின் சத்தத்திலிருந்து தள்ளி வந்தார் போலிருந்தது. பிறகு, "வீட்ல பேசிட்டுத் தகவல் சொல்றங்க," என்றார்.

எனக்கு என்ன வந்ததோ. "வேண்டாங்க. நானே சொல்லிடறேன். எனக்கு நீங்க வேண்டாங்க," என்றேன்.

"அப்படீங்களா? சரிங்க," என்றார். "அதையும் வீட்ல பேசிட்டுச் சொல்றங்க."

தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து அழுதேன். அழுகை சிரிப்பாகி மறுபடி அழுகையானது. கீழே வந்தபோது தரணி அவனுடைய டீயை என் பக்கம் தள்ளிவைத்தான்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. பொரி, கடலை, அவல், சுண்டல். சர்வர் பெட்டிக்கு மஞ்சள் துணி போர்த்தி மாலை போட்டாயிற்று. சாயங்காலம் ஐயர் மணியடித்தபோது நிறுத்தும் கட்டளையை நான் கொடுத்தேன். அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை ஏழைப் பார்த்தேன். நகல் எடுக்கவில்லை.

விசிறிச் சத்தம் அடங்கியதும் அறை அவ்வளவு அமைதியாகிவிட்டது. முதலாளி விசும்பி அழுதார். அவரைப் பார்த்து எனக்கும் வந்தது, எல்லோரும் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. மெஷின் எழுந்துவிட்டது. திறந்த கோப்புகள் சொற்பம், வட்டில் இடம் தாராளம். பக்கங்கள் பறக்கின்றன. சாமிக்கு வைத்துக் கும்பிட்டதால்தான் என்று முதலாளி ஊருக்கெல்லாம் போன் செய்கிறார். இனி மாதாமாதம் அமாவாசைக்கு அமாவாசை சர்வருக்கு ஆயுத பூஜை என்று ஆணை போட்டிருக்கிறார். பொரி வாங்குவது என் பொறுப்பு. மூடுகிற வரியை எழுதாமலேயே டோக்கன் பஞ்சத்தைத் தீர்த்த கம்பெனி உலகத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

ருக்மணியம்மாள் மத்தியானம் உள்ளே வந்தார். முதலில் பல் டாக்டரைத் திறந்தார். ஏழாம் டோக்கன் ஏதோ அந்தியூர்ப் பெண்ணுக்குப் போனது. பார்த்துவிட்டு வேறு வேலை பார்த்தேன்.

அக்டோபர் 3, வெள்ளி

சாயங்காலம் ருக்மணியம்மாள் எங்கள் வீட்டுக்குப் போன் செய்தாராம். நான் போகும்போது அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு சிலையாக உட்கார்ந்திருந்தாள். வீட்டில் எல்லோரும் கூடிப் பேசினார்களாம், அவர் பையனை நான் வேண்டாம் என்று சொன்னதில் அவர்கள் குடும்பத்துக்குப் பூரண சம்மதமாம். இவ்வளவு பெரிய விஷயத்தைப் போனில் சொன்னால் மரியாதை இல்லை, ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து முறைப்படி சொல்கிறார்களாம். புரட்டாசியில் இதெல்லாம் பேசலாமா என்று ஜோசியரையும் கேட்டுவிட்டார்களாம். நல்ல காரியம் என்றால்தான் புரட்டாசி ஆகாது, இது தாராளமாக ஆகும் என்றாராம்.

நீ எப்போது வேண்டாம் என்று சொன்னாய் என்று அம்மா கத்தினாள். அப்பா சட்டென்று சிரித்துவிட்டார். அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று எனக்கு நினைவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

ஐந்து தட்டோடு வந்தார்கள். பழம், பூ, வெற்றிலை பாக்கு, சர்க்கரை, ஒரு ரவிக்கைத் துணி. அம்மா ஒப்புட்டு சுட்டிருந்தாள், சுடாமல் எப்படி இருப்பது? எல்லோரும் பாயில் உட்கார்ந்ததும் தாய்மாமன் எழுந்து துண்டைச் சரிசெய்துகொண்டு, இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம் நடக்காது என்று இரண்டு குடும்பமும் மனப்பூர்வமாக முடிவு செய்திருக்கிறது என்று கணீரென்று சொன்னார். தட்டு மாற்றிக்கொண்டார்கள். அப்பா கண்ணைத் துடைத்தார். பக்கத்து வீட்டு அம்மாள் என்ன விசேஷம் என்று எட்டிப் பார்த்து, விஷயம் தெரியாமலேயே எனக்குப் பூ வைத்துவிட்டுப் போனாள்.

காப்பி கொடுக்கப் போனபோது, சூடா இருக்குதுங்க, பாத்துங்க என்று சொன்னேன். ருக்மணியம்மாள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அந்த சர்வர் செக்சன் பெண் நீதானா என்று குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு, எத்தனையோ ஜாதகம் பார்க்கிறேன் கண்ணு, ஒரு பிள்ளையிடம் பேசியது அன்றைக்குத்தான் என்றார். அவரைக் கோபித்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

சாப்பிட்டு முடித்து நந்தகோபால் கை கழுவக் கொல்லைப்பக்கம் வந்தார். நான் சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். கை கழுவி முடித்தும் போகாமல் நின்றார். வீட்டுக்குள் பெரியவர்கள் பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை, என்னைப் பார்த்தார். இவர் என்னை நேராகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"நெசமாலுமே வேண்டாங்களா?" என்று கேட்டார்.

"மாசியில இதைக் கேட்டிருந்தீங்கன்னா சரின்னு சொல்லியிருப்பனுங்க," என்றேன். "இப்ப வேண்டாங்க."

வீட்டில் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கொஞ்சம் யோசித்தார். பிறகு அவராகவே, யாரையும் கேட்காமல், "சரிங்க," என்றார். சொம்பை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

அந்தச் சரிங்க ஒன்றில்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. நான் அதை அவரிடம் சொல்லவில்லை.